பிள்ளை வினவும் இரவு



விழா என்றதும் நம் உள்ளத்திலே தோன்றுவன கோயிலும் கொடியேற்றமும் தேரோடும் வீதியுமே. ஊர் கூடி எடுப்பதே விழா என்பது நமது எண்ணம். ஆனால், உலகத்து விழாக்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று கோயிலிலன்றி வீட்டிலே நடைபெறுகின்றது. குருமாராலன்றி ஒரு பிள்ளையினாலே தொடக்கி வைக்கப்படுகின்றது. பாட்டனும் பாட்டியும், தாயும் தந்தையும், சுற்றத்தாரும் விருந்தினரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, அவர்களுள் வயதிற் குறைந்த பிள்ளை எழுந்து, இந்த இரவு மட்டும் மற்றைய இரவுகளைப் போலன்றி வேறாக இருப்பது ஏன் என்று வினவுகின்றது. அவ்வினாவுக்கு விடையாக நள்ளிரவு வரையும் ஒரு சரித்திரம் சொல்லப்படுகின்றது. அதுவே யூத மக்களின் பஸ்கா விழா. அவ்விழா எவ்வாறு பிள்ளைகளின் விழாவாயிற்று, அவர்களுக்கு அங்கே சொல்லப்படுவது யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

பஸ்கா வருவது இளவேனிற் காலத்திலே. யூதரின் நிசான் மாதத்துப் பூரணையை ஒட்டிய இரவிலே அது தொடங்கும். நமது பங்குனி, சித்திரை மாதங்களை அடுத்து வருவது அது. அவர்களுடைய மாதங்கள் சந்திரனைப் பின்பற்றுவன. சந்திர ஆண்டோ சூரிய ஆண்டிலும் ஏறக்குறைய 11 நாள் குறைந்தது. அதனை அப்படியே விட்டுவிட்டால் விழா பருவம் மாறிப் பனிக்காலத்துக்கும் கோடைக்கும் போய்விடும். ஆகவே 19 ஆண்டுகளுக்குள் 7 முறை ஒரு மாதத்தை மிகையாகச் சேர்த்து, விழாவை இளவேனிலிலேயே நிறுத்திக் கொள்கின்றனர். இஸ்ரேல் நாட்டிலே இது ஏழு நாள் விழா. பிற நாடுகளில் மரபு வழுவாது வாழ்வோர்க்கு எட்டு நாள் விழா. நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் வழங்கும் 'பாஸ்கு' என்னும் சொல்லும் இவ்விழாவின் பெயரிலிருந்தே பிறந்தது.

இவ்விழாவின் கதை யாத்திராகமத்திலே கூறப்பட்டுள்ளது. இஸ்ரவேலர் எகிப்து நாட்டிலே அடிமைகளாகிச் செங்கல் அறுத்து வருந்தினர். அவர்களை விடுவிக்குமாறு மோசே பார்வோன் மன்னனிடம் வேண்டினார். மன்னன் இணங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து வாதைகள் அந்நாட்டைப் பற்றின. பத்தாவது வாதையிலே எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் மாண்டனர். இஸ்ரவேலரோ ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைத் தங்கள் வாயில் நிலைகளிற் பூசியிருந்தமையால் மரணம் அவ்வீடுகளைக் கடந்து சென்றது. 'கடந்து செல்லல்' என்பதே பஸ்கா என்னும் பெயருக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் பொருள். பிசைந்த மா புளிப்பதற்கும் பொறுக்காது அன்றிரவே அவர்கள் புறப்பட்டனர். அதன் நினைவாகவே விழா நாட்களிலே புளிப்பில்லாத அப்பம் உண்ணப்படுகின்றது.

இந்த விடுதலையைச் சொல்லும் எகிப்தியச் சாசனம் எதுவும் இதுவரை கிடைத்திலது. எனினும் இரண்டு பழைய சான்றுகளை இங்கே குறிப்பிடல் தகும். பிளிண்டர்ஸ் பீட்றி என்னும் ஆராய்ச்சியாளர் 1896ஆம் ஆண்டிலே எகிப்தில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். அது மெர்நெப்தா என்னும் பார்வோன் கி.மு. 1208ஆம் ஆண்டளவில் நிறுத்தியது. இஸ்ரேல் என்னும் பெயரைத் தாங்கிய மிகப் பழைய கல்வெட்டாக அறிஞர் பெரும்பாலோர் அதனையே கொள்வர். அவ்வினம் அடியோடு அழிந்தது என அம்மன்னன் அதிலே பெருமை பேசுகின்றான். மற்றைய சான்று கி.மு. 419ஆம் ஆண்டுக்குரிய ஒரு கடிதம். நைல் நதியின் எலெபந்தைன் தீவிலே பாரசீக மன்னருக்குப் படைத்தொழில் புரிந்த யூதக் குடிகளுக்கு அது அனுப்பப்பட்டது. நிசான் மாதம் 15ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரையும் புளித்தது எதனையும் விலக்குமாறு அது பணிக்கின்றது. எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதையை நினைவுகூரும் விழாவை எகிப்திலிருந்தே கொண்டாடிய மக்களை அங்கே காண்கின்றோம்.

பண்டைக் காலத்திலே பஸ்கா பெரிதும் கோயிலைச் சார்ந்ததாயிருந்தது. நாலா திசைகளிலிருந்தும் யாத்திரிகர் எருசலேம் நகருக்குத் திரள்வர். ஆலயத்திலே ஆட்டுக்குட்டிகள் பலியிடப்படும். குடும்பங்கள் அவ்விறைச்சியை நகரத்துள் உண்பர். கி.பி. 70ஆம் ஆண்டிலே உரோமத் தளபதி தைத்தசு எருசலேமைக் கைப்பற்றினான். ஆலயம் தீக்கிரையாயிற்று. பலிபீடம் இல்லை, பலி இல்லை, ஆசாரியருக்குத் தொழிலும் இல்லை. கோயிலை நம்பியிருந்த விழா கோயிலோடே மறைந்திருத்தல் வேண்டும். ஆனால் அஃது மறையவில்லை. அக்காலத்து யூத அறிஞர்கள் அதனை வீட்டுக்குள்ளே கொண்டு வந்தனர். உணவு மேசை பலிபீடத்தின் இடத்தைப் பெற்றது. குடும்பத் தலைவன் ஆசாரியனின் இடத்தைப் பெற்றான். பிள்ளை கேட்டால் தந்தை விடை சொல்ல வேண்டும் என்று வேதத்திலே நான்கு இடங்களிற் காணப்படும் கட்டளையை அவர்கள் விழாவின் நடுவிலே நிறுத்தினர்.

கி.பி. 200ஆம் ஆண்டளவில், இளவரசர் என மதிக்கப்பட்ட யூதா என்னும் அறிஞர் தொகுத்த மிஷ்னா என்னும் நூல் இவ்விரவின் ஒழுங்கை விவரிக்கின்றது. நான்கு கிண்ணம் திராட்சரசம் அருந்துதல் வேண்டும். இரண்டாம் கிண்ணம் வார்க்கப்பட்டதும் பிள்ளை தந்தையிடம் வினவுதல் வேண்டும். வினவ அறியாத பிள்ளைக்குத் தந்தையே வினாவைக் கற்பித்தல் வேண்டும். பிள்ளையின் அறிவு எவ்வளவோ அவ்வளவுக்கு ஏற்ப விடை கூறுதல் வேண்டும். பரம ஏழையாயினும் அன்றிரவு சாய்ந்திருந்தே உண்ணுதல் வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. இஃது ஏன்? உரோமப் பெருங்குடி மக்கள் விருந்திலே மஞ்சத்திற் சாய்ந்திருந்து உண்பர்; அடிமைகள் நின்று ஏவல் செய்வர். நாடிழந்து உரோமரின் ஆட்சிக்குட்பட்டிருந்த மக்கள், ஆண்டுக்கு ஓரிரவாயினும் ஆண்டவரைப் போலவே சாய்ந்திருந்து, நாம் பிறர்க்கு அடிமைகள் அல்லேம் என்று தம் பிள்ளைகளுக்குக் காட்டினர்.

பிள்ளைகள் உறங்கிவிட்டால் விழா என்னாவது? இக்கவலை அன்றும் இருந்தது. பெரும் அறிஞராகிய அக்கீபா என்பவர் விழா நாளன்று வறுத்த தானியங்களையும் கொட்டைகளையும் சிறுவர்க்குப் பகிர்ந்து கொடுப்பாராம். அவர்கள் விழித்திருந்து வினவ வேண்டும் என்பதே நோக்கம். இதனைத் தல்மூது என்னும் பெருநூல் கூறுகின்றது. அந்நூலிலே மற்றுமொரு செய்தியும் உண்டு. பாபிலோனியா நாட்டிலே ரப்பா என்னும் ஆசிரியர் இருந்தார். அவர் வளர்த்த பிள்ளை அபையே. ஒரு பஸ்கா இரவிலே உணவு உண்ணுமுன்னரே தட்டு எடுக்கப்படுவதைக் கண்ட அபையே, நாம் இன்னும் உண்ணவேயில்லை, அதற்குள் ஏன் இதனை எடுக்கின்றார்கள் என்று வியந்து கேட்டான். உடனே ஆசிரியர், வழக்கமாகக் கேட்கும் வினாவை இனிக் கேட்க வேண்டியதில்லை, நீயே கேட்டுவிட்டாய் என்றாராம். மனப்பாடமாக ஒப்புவிக்கும் கேள்வியிலும் பிள்ளையின் உள்ளத்தில் தானாக எழுந்த கேள்வியே மேலானது என்பது அவர் கருத்துப் போலும். பிள்ளையில்லாத வீட்டிலே மனைவி வினவுதல் வேண்டும். தனித்திருப்பவன் தன்னைத் தானே வினவுதல் வேண்டும். கற்றறிந்த இருவர் கூடியிருப்பினும் ஒருவரையொருவர் வினவுதல் வேண்டும் என்றும் விதித்தனர்.

இன்றும் அவ்வொழுங்கே நடைபெறுகின்றது. அவ்விரவின் சடங்குக்குச் 'செதேர்' என்று பெயர். ஒழுங்கு என்பது அச்சொல்லின் பொருள். விழாவுக்கு முதல் நாளிரவே பிள்ளைகளுக்கு வேலை தொடங்கிவிடும். வீடு முழுவதும் கூட்டிக் கழுவிய பின்னர், மெழுகுதிரி ஒளியிலே மூலை முடுக்கெல்லாம் புளித்த மாவைத் தேடுவர். தேடல் வீண்போகாதபடி பத்துப் பாண் துண்டுகளை முன்னரே ஒளித்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். பிள்ளைகள் அவற்றைக் கண்டுபிடித்து, இறகினாலே மரக்கரண்டியில் ஒதுக்கி எடுப்பர்; மறுநாட் காலையிலே அவை எரிக்கப்படும். விழாவுக்குரிய அப்பத்தை மட்சா என்பர். மாவிலே நீர் பட்ட கணம் முதல் 18 நிமிடத்துக்குள் அதனைச் சுட்டு முடித்தல் வேண்டும்.

மேசையிலே வைக்கப்படும் ஒவ்வொரு பொருளும் பிள்ளையின் கண்ணைக் கவர்ந்து கேள்வியை எழுப்புவதற்கென்றே அமைந்தது. பச்சிலையை உப்பு நீரில் தோய்த்து உண்பர். பச்சிலை இளவேனிலைக் குறிக்கும், உப்பு நீர் அடிமைகளின் கண்ணீரைக் குறிக்கும். கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு. பழங்களும் கொட்டைகளும் திராட்சரசமும் சேர்த்து அரைத்த பழுப்பு நிறக் கலவை, செங்கல் அடுக்கப் பயன்பட்ட சாந்து. சரித்திரத்தைச் செவிக்கு மட்டும் கொடாது நாவுக்கும் கொடுத்தனர் எனலாம். மூன்று அப்பங்களில் நடுவிலுள்ளதை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை மறைத்து வைப்பர். அதனை உண்டாலன்றி விருந்து நிறைவுறாது. அதனைக் கண்டெடுத்த பிள்ளை பரிசு பெறாமல் விடுவதில்லை. பெரியோரின் விருந்து பிள்ளையின் தயவிலே தங்கி நிற்கும் காட்சியை அங்கே காணலாம்.

அன்றிரவு படிக்கப்படும் நூலுக்கு 'ஹகாதா' என்று பெயர். எடுத்துரைத்தல் என்பது பொருள். அதிலே நான்கு பிள்ளைகள் வருகின்றனர். ஒருவன் அறிவுடையவன். ஒருவன் குதர்க்கம் பேசுபவன். ஒருவன் பேதை. ஒருவன் வினவவும் அறியாதவன். நால்வருக்கும் வெவ்வேறு விடைகள் உண்டு. குதர்க்கம் பேசுபவனுக்குக் கடுமையான விடையே கிடைக்கின்றது; எனினும் அவனும் அதே மேசையில் அமர்ந்திருக்கின்றான் என்பதனை மறத்தல் கூடாது. வினவ அறியாதவன் பொருட்டுத் தாய் தந்தையரே வாய் திறந்து தொடங்குதல் வேண்டும்.

இனி, இப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் விடையை நோக்குவோம். உலகத்து இனங்கள் பல, தம் முன்னோரைச் சூரிய குலத்தவர் என்றும் சந்திர குலத்தவர் என்றும் மன்னர் மரபினர் என்றும் சொல்லிப் பிள்ளைகளை வளர்ப்பன. இங்கோ முதல் விடையே, நம் முன்னோர் அடிமைகளாயிருந்தனர் என்பது. இழிவிலே தொடங்கிப் புகழிலே முடித்தல் வேண்டும் என மிஷ்னா விதித்தது. அந்த இழிவு யாது என்பதிலே பிற்கால அறிஞர் இருவர் வேறுபட்டனர். அடிமைத்தனமே இழிவு என்றார் சாமுவேல். முன்னோர் பொய்த் தெய்வங்களை வணங்கியதே இழிவு என்றார் ராவ். இரண்டும் நூலிலே சேர்ந்துவிட்டன. எகிப்திலே அந்நியராயிருந்தவர்கள் அந்நியனை ஒடுக்குதல் தகாது என்று வேதம் பலமுறை வற்புறுத்துவதற்கும் இந்நினைவே அடிப்படை. ஒவ்வொரு தலைமுறையினரும், முன்னோர் மட்டுமன்றித் தாமும் எகிப்திலிருந்து புறப்பட்டதாகவே எண்ணுதல் வேண்டும் என்பது அவ்விரவின் உயிர்க் கருத்து.

இந்நூல் நெடுங்காலம் வழிபாட்டு நூல்களின் ஒரு பகுதியாயிருந்து, இடைக்காலத்திலே தனி நூலாயிற்று. எழுத்தறியாத பிள்ளைகளும் பார்க்கத்தக்க படங்களோடு அதனை வரைந்தனர். அவற்றுள் புகழ் பெற்றது, ஸ்பெயின் நாட்டிலே 14ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டு இன்று சாரயேவோ நகரிலே இருக்கும் ஏடு. 1492ஆம் ஆண்டிலே ஸ்பானிய மன்னர் யூதரை நாடு கடத்தினர். அவ்வேடு இத்தாலிக்குச் சென்று, 1894ஆம் ஆண்டிலே சாரயேவோ அரும்பொருட் சாலையை அடைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளின் கைக்கு அகப்படாமல் அதனை மறைத்துக் காத்தவர் தேர்விஷ் கோர்குத் என்னும் முஸ்லிம் அறிஞர். அதன் தாள்களிலே திராட்சரசக் கறைகள் இன்றும் உள. அழகு நூலாயினும் அது பேழையிலே பூட்டி வைக்கப்படாது, பிள்ளைகள் சூழ்ந்த மேசையிலே பயன்பட்ட நூல் என்பதற்கு அக்கறைகளே சாட்சி.

பிராகா நகரத்திலே 1526ஆம் ஆண்டில் மரக்கட்டைப் படங்களுடன் ஓர் ஹகாதா அச்சேறியது. அந்நகரில் 1590ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பிலே, பிள்ளைகள் விரும்பும் ஒரு பாட்டும் அச்சாயிற்று. தந்தை வாங்கிய ஆட்டுக்குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைத் தடி அடிக்க, தடியை நெருப்பு எரிக்க, இவ்வாறு நீண்டு சென்று இறைவனிலே முடியும் தொடர்பாட்டு அது. நள்ளிரவு நெருங்கியும் பிள்ளைகள் உறங்காதிருப்பதற்கு இதனிலும் நல்ல வழி உண்டோ!

நாட்டுக்கு நாடு வழக்கங்களும் வேறுபட்டன. ஈராக்கிலும் குர்திஸ்தானத்திலும் ஒரு பிள்ளை அப்பப் பொதியைத் தோளிற் சுமந்து வரும். எங்கிருந்து வருகின்றாய் எனக் கேட்டால் எகிப்திலிருந்து என்றும், எங்கே போகின்றாய் எனக் கேட்டால் எருசலேமுக்கு என்றும் அப்பிள்ளை விடை கூறும். பாரசீகத்திலே ஒரு பாட்டைப் பாடும்போது வெங்காயத் தாள்களினால் ஒருவரையொருவர் அடித்து விளையாடுவர்; எகிப்தியரின் சவுக்கடியை அது நினைவூட்டும். நமக்கு அணித்தாகிய கொச்சியிலும் யூதர் பன்னூற்றாண்டுகள் வாழ்ந்தனர். மட்டாஞ்சேரியிலே 1568ஆம் ஆண்டிலே கட்டிய அவர்களுடைய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கின்றது. பஸ்காவுக்குப் பல வாரங்களுக்கு முன்னரே அவர்கள் வீட்டுக்கு வெள்ளையடித்து, கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்து, விழாவுக்குரிய அரிசியை மணி மணியாக ஆய்ந்து வைப்பர். 1950களிலே அவர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

நேயர்களே, இத்தகைய இனிய வீட்டு விழாவின் மீதே கொடிய அவதூறும் சுமத்தப்பட்டது. கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கொன்று அவர்களின் இரத்தத்தைப் பஸ்காவுக்குப் பயன்படுத்துகின்றனர் என்னும் பொய் ஐரோப்பாவிலே பரவியது. 1475ஆம் ஆண்டிலே திரெந்து நகரத்தில் சீமோன் என்னும் குழந்தை இறந்தபோது, அவ்வூர் யூதர் அப்பொய்யினாலே வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அக்குழந்தையின் பேரால் வளர்ந்த வழிபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965ஆம் ஆண்டிலே நீக்கியது. இரத்தத்தை வேதம் முற்றாக விலக்கிய ஒரு சமயத்தவர் மீது இப்பழி சுமத்தப்பட்டதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகின்றது. சிவப்புத் திராட்சரசமும் சந்தேகத்துக்கு இடமாகும் என அஞ்சி, 17ஆம் நூற்றாண்டிலே போலந்து நாட்டு யூத அறிஞர் ஒருவர் அதனைத் தவிர்க்குமாறு எழுத நேர்ந்தது.

1943ஆம் ஆண்டு ஏப்பிரில் 19ஆந் தேதி பஸ்காவின் முன்னாள். அன்று விடியற்காலையிலே, எஞ்சிய யூதரைக் கொலைக் களங்களுக்குக் கொண்டு செல்ல நாசிப் படையினர் வார்சோ நகரத்து யூதச் சேரிக்குள் நுழைந்தனர். இளைஞர் எதிர்த்துப் போரிட்டனர். போர் ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது. அன்றிரவு தீயும் வெடியொலியும் சூழ்ந்திருக்க, சில இடங்களிலே செதேர் நடைபெற்றதாக உயிர் தப்பியோர் எழுதியுள்ளனர். மறு ஆண்டு பெர்கன் பெல்சன் சிறைமுகாமிலே புளிப்பில்லாத அப்பம் கிடைக்கவில்லை. அங்கிருந்த யூத குருமார், உயிரைக் காப்பது கடமையாதலின் கிடைத்த பாணையே உண்ணலாம் என அனுமதித்து, உண்ணுமுன் சொல்வதற்கு ஒரு பிரார்த்தனையையும் எழுதிக் கொடுத்தனர். விதியை மீறவும் ஒரு பிரார்த்தனை வேண்டியிருந்தது அம்மக்களுக்கு.

இவ்வளவு துன்பத்தைச் சுமந்த நினைவு பிள்ளையின் நெஞ்சிலே பகையாக வளர்தல் கூடுமன்றோ? அவ்வபாயத்தை முன்னோரும் உணர்ந்தனர் போலும். பத்து வாதைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சரசத்தைக் கிண்ணத்திலிருந்து விரலால் எடுத்து வெளியே சிந்துவர். இதற்கு வழங்கும் விளக்கங்களுள் ஒன்று மிகவும் அழகியது. நமது விடுதலையின் பொருட்டு எகிப்தியரும் துன்புற்றனர். பிறர் துன்புற்றபோது நமது மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருத்தல் தகாது என்பதே அவ்விளக்கம். பகைவனின் பிள்ளை இறந்ததற்கும் ஒரு துளி குறைத்துக் கொள்ளுமாறு சிறு பிள்ளையின் விரலைப் பிடித்துக் கற்பிக்கின்றனர். துன்ப நினைவைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் எந்த இனத்தவர்க்கும் இது சிந்திக்கத்தக்க பாடம். அப்பாடத்தை நினைவிற் கொள்வோரும் உண்டு, மறப்போரும் உண்டு. அது எல்லா இனத்துக்கும் பொது.

ஆலயம் எரிந்தது, அரசுகள் மாறின, நாடு கடத்தலும் படுகொலையும் நேர்ந்தன. எனினும் அவ்விழா இருபது நூற்றாண்டுகளாக வீட்டு மேசையிலே வாழ்ந்து வந்திருக்கின்றது. அதனைக் காத்தவை கோட்டையும் கொத்தளமும் அல்ல. பிள்ளையின் வினாவும், அதற்குப் பொறுமையோடு விடை சொன்ன பெரியோரின் நாவுமே. நம் வீட்டுப் பிள்ளையும் என்றாவது ஒரு நாள், இது ஏன் இவ்வாறு என்று நம்மை வினவும். அப்போது, பேசாதிரு என்று அதன் வாயை அடைக்காமல், அருகிலிருத்தி, நம் முன்னோர் பட்டதையும் பிறர் பட்டதையும் உள்ளவாறு எடுத்துரைப்போமாக. வினவ அறியாத பிள்ளைக்கு நாமே தொடங்கிச் சொல்வோமாக.